சோதனை சாரும் வைஃபை பெட்டியும்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கேட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. எல்லோருக்கும் அவர் 'சோதனை சார்'. மாலையில் வெளியேறுகிறவர்களின் பைகளைச் சோதிப்பதால் வந்த பெயர் என்று அவர் நம்பினார். தையல் பிரிவுப் பெண்கள் அந்தச் சொல்லை வேறு பொருளில் சொன்னார்கள். அதை அவரிடம் விளக்க யாருக்கும் தைரியம் இல்லை.

பணிக்காலம் முழுவதும் அல்லும் பகலும் பாடுபட்டு அவர் கைப்பற்றியவை: ஓர் அட்டை பட்டன், பாதி தீர்ந்த நூல்கண்டு, முதலாளியின் மைத்துனர் மறதியாகப் பையில் போட்டுக்கொண்ட கத்தரிக்கோல். கத்தரிக்கோலைப் பிடித்ததற்குப் பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தார். பின்வாசலுக்கு மாற்றல் வந்தது. அதற்காக அவர் மனம் தளரவில்லை. பின்வாசல் வழியாகவும் பைகள் போகத்தானே செய்யும்.

ஓய்வுக்குப் பிறகுதான் தவித்துப்போனார். வீட்டில் எதைச் சோதிப்பது? மனைவி கடையிலிருந்து கொண்டுவரும் பையைச் சில நாள் பிரித்துப் பார்த்தார். "நாளையிலேருந்து நீங்க போய் வாங்கிட்டு வாங்க. நான் நின்னு செக் பண்றேன்" என்று அந்த அம்மாள் சொன்னதோடு அந்தப் பிரிவு இழுத்து மூடப்பட்டது.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வைஃபை வந்தது. மருமகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. அவளுக்காக மகன் ஏற்பாடு செய்தான். பெட்டியைச் சுவரில் மாட்டிய ஆள் போகிற போக்கில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், ஃபோன்ல இந்த வெப் பக்கத்துக்குப் போனீங்கன்னா யாரெல்லாம் கனெக்ட் ஆகியிருக்காங்க, எவ்வளவு நேரம் பாக்குறாங்க, எல்லாம் தெரியும். வேணாங்கிறவங்கள பிளாக்கும் பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சோதனை சார் அந்தப் பக்கத்தைத் திறந்தார். வீட்டிலுள்ள ஃபோன், டிவி, லேப்டாப் எல்லாம் வரிசையாக நின்றன. எது எப்போது உள்ளே வந்தது, எவ்வளவு இழுத்தது என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. யார் பையையும் தொடாமலே எல்லார் பையையும் பார்க்கலாம்! இப்படி ஒரு வாசலில் நிற்கத்தான் தாம் பிறந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு வீட்டில் சட்டத்தின் ஆட்சி நடந்தது. பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றினார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரக் குறி என்று அது நீண்டுகொண்டே போனது. எதிரி எவனும் ஊகிக்க முடியாது. வீட்டிலிருப்பவர்களாலும் அடிக்க முடியாது. நெட்வொர்க்கின் பெயரையே வெளியில் தெரியாதபடி மறைத்துவைத்தார். ஊரிலிருந்து வந்த சகலை பாஸ்வேர்டு கேட்டபோது, "முதல்ல ஃபோனக் காட்டுங்க" என்று கையை நீட்டினார். சகலை மாலை வண்டிக்கே கிளம்பிவிட்டார்.

"ஏம்ப்பா, பாத்ரூம்ல அவ்வளவு நேரமா வீடியோ பாக்குற?" என்று காலையில் எல்லோர் முன்னிலும் மகனைக் கேட்டார்.

"அப்பா, அது அந்த மெஷின்ல தெரியுதா?"

"வீடியோ அதுல தெரியுது. பாத்ரூம் எனக்கே தெரியும்."

மகன் செல்லை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். மாமனாரின் போக்கைப் பார்த்த மருமகள் வாய் திறக்கவில்லை. அவளுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது.

ஒருநாள் முற்பகல் பட்டியலில் முன்பின் தெரியாத ஒன்று புகுந்திருந்தது. பெயர்கூட இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு குப்பை. சோதனை சாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மேல் விழுந்தது. காரணம், அவர் வீட்டுச் சுவரும் இவர் வீட்டுச் சுவரும் அருகருகே இருந்தன. புலனாய்வுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"டாக்டர், நேரடியாவே கேக்குறேன். எங்க வைஃபைல நீங்க இருக்கீங்களா?"

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், எங்க வீட்டு நெட் உங்களுதவிட வேகம். வேணும்னா நீங்க வந்து இருங்க."

படித்தவன் சாமர்த்தியமாகத்தான் பேசுவான் என்று முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தார். பக்கத்தைத் திறந்தார். அந்தக் கள்ளன் இன்னும் உள்ளேதான் இருந்தான், அதுவும் மூச்சுவிடாமல் இழுத்துக்கொண்டு. 'பிளாக்' என்ற இடத்தில் விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். கள்ளன் ஒழிந்தான்.

உள்ளறைக் கதவு திறந்தது. மருமகள் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றாமலே வந்து நின்றாள்.

"மாமா, நெட் போயிருச்சு."

"போகலையே. எனக்கு வருதே. இப்பத்தான் ஒருத்தன வெளிய தள்ளினேன். இனிமே வேகமா வரும் பாரு."

"அது என்னோட லேப்டாப் மாமா. ஆபீஸ்ல நேத்து புதுசு கொடுத்தாங்க. ப்ரமோஷன் இண்டர்வியூல பேசிட்டிருந்தேன். பாதியில நின்னுபோச்சு."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தப்பு யார் மேல் என்று சோதனை சாருக்கே தெரிந்தது. ஆனாலும் கேட் அனுபவம் சும்மா விடுமா?

"பதிவு பண்ணாம உள்ள வந்தா எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். "சரி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் வேறு கம்பெனி ஆள் ஒருவன் வந்து மருமகள் அறையில் வேறொரு பெட்டியை மாட்டினான். அன்று முதல் சோதனை சாரின் பட்டியல் இளைக்கத் தொடங்கியது. முதலில் லேப்டாப் போயிற்று. பிறகு மகனின் ஃபோன். ஒரு மத்தியானம் டிவியும் சொல்லாமல் கொள்ளாமல் கட்சி மாறியது. கடைசியாக மனைவியின் ஃபோனும் காணாமல் போனபோது அவர் அடுப்படிக்கே போய்விட்டார்.

"நீயுமா?"

"அங்க பாஸ்வேர்டு சின்னதா இருக்குங்க" என்றார் மனைவி, பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பட்டியலில் மிஞ்சியது அவருடைய ஃபோன் மட்டும். அதையும் கண்காணித்தார். நாள் முழுக்க வீடியோவில் மூழ்கிக் கிடப்பது அந்த ஒரு சாதனம்தான் என்று புள்ளிவிவரம் காட்டியது. கூப்பிட்டு விசாரிக்க ஆள் இல்லாததால் மன்னித்து விட்டுவிட்டார். பாதுகாப்பில் இப்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் மாலையில் எல்லோரும் மருமகள் அறைவாசலில் கூடி எதையோ பார்த்துச் சிரிக்கும்போது, ஹாலில் அவரும் வைஃபை பெட்டியின் பச்சை விளக்கும் மட்டும் இருந்தார்கள்.

மாதக் கடைசியில் மகன் வந்து, "ஒரே வீட்டுல ரெண்டு லைன் எதுக்குப்பா?" என்று பழைய இணைப்பை நிறுத்திவிட்டான். இரண்டு நாள் வீம்பாகச் செய்தித்தாள் படித்தார். விளம்பரங்களைக்கூட விடவில்லை. மூன்றாம் நாள் மருமகளின் அறைவாசலில் போய் நின்றார்.

"அம்மாடி, அந்த பாஸ்வேர்டு…"

"ஃபோனக் கொடுங்க மாமா."

கொடுக்கக் கை வரவில்லை. ஆயுசில் எத்தனையோ பேரிடம் கையை நீட்டியிருக்கிறார். அவரிடம் யாரும் நீட்டியதில்லை. ஒருவழியாகக் கொடுத்தார். லைன் நிற்பதற்கு முன்னால் அவர் கடைசியாகத் தேடிய பக்கம் திரையில் அப்படியே நின்றிருந்தது. மேலே அவர் தட்டியிருந்த கேள்வி: 'மருமகள் பேசவில்லை என்றால் மாமனார் என்ன செய்ய வேண்டும்'. கீழே யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்த பதில்: 'நீங்களே போய்ப் பேசுங்கள்'.

மருமகள் அதைப் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பாஸ்வேர்டைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்போதைக்கு கெஸ்ட்ல போட்டிருக்கேன் மாமா."

"கெஸ்ட்டா? நானா? என் வீட்டுலயா?"

"நடந்துக்கிறதப் பாத்துட்டு உள்ள சேத்துக்கலாம்."

அவர் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு அந்த இண்டர்வியூ… என்னால கெட்டுப்போச்சு. தப்புதாம்மா."

"திரும்ப வெச்சாங்களே. ப்ரமோஷன் கெடச்சுருச்சு."

"எப்ப? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே?"

"உங்க வைஃபை பக்கத்துலதான் எல்லாம் தெரியுமேன்னு விட்டுட்டோம்."

சோதனை சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன வேலைம்மா அது, கொஞ்சம் புரியற மாதிரி சொல்லு" என்றார். அவள் சொன்னாள். பொய்யான காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் பிரிவுக்குத் தலைவியாம். அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. நாற்காலியை இன்னும் அருகில் நகர்த்திக்கொண்டு, "எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றார்.

மனைவி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். இருவருக்குமே காதில் விழவில்லை.