பத்தாவது கையெழுத்து

போன மாதம் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். பழைய பட்டியலில் என் பெயர் இருந்ததா என்று பார்க்க வேண்டுமாம். வீட்டில் இப்போது நான் ஒருத்திதான். யார் மணியடித்தாலும் காப்பி குடிக்க வைக்காமல் அனுப்புவதில்லை. அது விருந்தோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள், பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவள் ஒரு கையில் தம்ளரும் மறுகையில் போனுமாகத் தேடினாள்.

"இதா கெடக்கு. மாமனாரு, மாமியாரு, அண்ணன், நீங்க. நாலு பேரும் வரிசையா இருக்கிய."

நாலில் மூன்று பேர், அவள் அண்ணன் என்று சொன்ன என் கணவரும் சேர்த்து, போய்விட்டார்கள். பட்டியலில் மட்டும் ஒரே வீட்டு எண்ணில் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

"இது என்னக்கா, பாராளுமன்றத் தொகுதி நாகர்கோவில்னு போட்டிருக்கு? நம்மது கன்னியாகுமரியில்லா?"

அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. திருவிதாங்கூரோடு நாங்கள் இருந்த காலத்திலேயே நாகர்கோவில் என்றொரு பாராளுமன்றத் தொகுதி உண்டு. மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் தொடர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், கன்னியாகுமரி ஊர் அதில் கிடையாது. கன்னியாகுமரி, அஞ்சுகிராமம் பக்கமெல்லாம் திருச்செந்தூர் தொகுதியோடு ஓட்டுப் போட்டன. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர், ஆனால் எம்.பி. வேறு. பிறகு எல்லையை மாற்றி வரைந்தார்கள். மாவட்டம் முழுக்க ஒரே தொகுதியாகி, கன்னியாகுமரி என்று பெயர் வந்தது. நாகர்கோவிலும் திருச்செந்தூரும் பாராளுமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்து போயின.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நாட்களில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு அறையில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கார்பன் தாள் வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? எண்ணெயும் மையும் கலந்த ஒரு வாசனை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு பிசையும்போது விரலிலிருந்து வரும். என் கணவர் அதற்காகவே நான் பரிமாறினால் முகத்தைச் சுளிப்பார். தேர்தல் வந்தால் வேட்பு மனு, பிரமாண வாக்குமூலம் என்று அறை நிறைந்துவிடும். எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும், ஏதோ நான்தான் நாட்டை நடத்துவதுபோல.

செல்லையா சாரை அப்படித்தான் தெரியும். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். வடசேரியில் தனியாக இருந்தார். மனைவி இல்லை, மகன் மஸ்கட்டில். இரண்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றவர். குளங்களை மண் போட்டு மூடுவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் அவர் கட்சி. சைக்கிளில் ஒரு தகர ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தானே பேசிப் போவார். ஜனங்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருமுறை கேட்டேன், "எதுக்கு சார் இந்தப் பாடு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குளம் ஒரு காரணம், கேட்டியா. இன்னொண்ணும் உண்டு மக்கா. நின்னா கலெக்டர் ஆபீசிலேருந்து கடிதாசு வரும். கூட்டத்துக்குக் கூப்பிடுவாவ. பதினஞ்சு நாளு ரோட்டில நாலு பேரு பேரு சொல்லி விளிப்பான். மத்த நாளு வீட்டில என் சத்தத்த நானே கேக்க முடியாது."

அப்போது எனக்கு அது புரியவில்லை. வீடு நிறைய ஆட்கள், தனியாக ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும் என்றிருந்த வயது.

சார் மூன்றாவது முறையாக நிற்க வந்த தேர்தல்தான் நாகர்கோவில் தொகுதிக்குக் கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது. மனு கொடுக்கக் கடைசி நாள். மூன்று மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். சார் இரண்டு மணிக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மனு. சுயேச்சை என்றால் அந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு முன்மொழிய வேண்டும். வாக்குமூலத்தை அடித்துக் கொடுத்துவிட்டு மனுவைச் சரிபார்த்தேன். பத்தாவது கையெழுத்து அவருடைய மச்சினர் போட்டது. ஊர் அஞ்சுகிராமம்.

"சார், அஞ்சுகிராமம் திருச்செந்தூர் தொகுதியில்லா? இந்தக் கையெழுத்து செல்லாதே."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "நம்ம ஜில்லாதான்னு நெனச்சிட்டேன்" என்றார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"மக்கா, நீ போட்டுத் தாறியா? உனக்கு ஓட்டு இஞ்சதானே?"

என் மாமனார் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். எனக்கு வேலை தந்த வக்கீல்கள் பாதிப் பேர் அந்தக் கட்சி. சாயங்காலத்துக்குள் விஷயம் வீட்டுக்குப் போய்விடும். மாமனார் சாப்பிடாமல் எழுந்துபோவார், கணவர் டைப் ரூமை மூடச் சொல்லுவார். எல்லாம் ஒரு நொடியில் கண்முன்னால் வந்தது. போட முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"என் ஓட்டு இன்னும் பிறந்த வீட்டிலதான் சார் இருக்கு. எனக்கும் அஞ்சுகிராமம்தான்."

பிறந்த ஊர் அதுதான். ஓட்டு மட்டும் கல்யாணமான வருடமே நாகர்கோவிலுக்கு வந்துவிட்டது.

சார் தலையாட்டினார். வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடையில் கேட்டார், டீக்கடையில் கேட்டார், பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரிடம் கேட்டார். தாளை நீட்டுவதும் மடக்குவதுமாகப் போய்க்கொண்டிருந்தார். மூன்று மணி தாண்டி, மனுவைக் கையிலேயே மடக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அடித்த கூலியைக் கொடுக்க மறந்துவிட்டதாம், அதற்காக வந்தார். வேண்டாம் என்றேன். "வேல பாத்தல்லா" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஓட்டுப்பதிவு நாளில் மாமியாரோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து அறைக்கு ஓட்டுப் போட வந்த செல்லையா சார் விரல் மை காய ஊதிக்கொண்டே படியிறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த சீட்டையும் பார்த்தார். ஓடி ஒளிய இடமில்லை.

"ஓட்ட இஞ்ச மாத்தியாச்சா மக்கா? நல்லதுதான். பொம்பளப்பிள்ளைக்குத் தாமசிக்கிற இடத்திலதான் ஓட்டு வேணும்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மனு கொடுக்கிற கடைசி நாளுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் இடையில் யாருக்கும் ஓட்டு மாறாது என்று எனக்குத் தெரிந்தது மாதிரி அவருக்கும் தெரியும். மாமியார் "யாருட்டி அது?" என்று கேட்டாள். டைப் அடிக்க வருகிறவர் என்றேன்.

அதன்பிறகு அவர் என் அறைக்கு வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று வருடங்கள் போயின. எல்லை மாறி, புதுத் தொகுதிக்கு முதல் தேர்தல் வந்தபோது, அஞ்சுகிராமமும் நாகர்கோவிலும் ஒன்றாகிவிட்டன என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இனி மச்சினர் கையெழுத்து செல்லும். என்னுடையதும் வேண்டுமானால் போடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். மாமனார் அப்போது உயிரோடு இல்லை. வேட்பாளர் பட்டியல் ஒட்டிய பலகையில் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். சார் பெயர் இல்லை.

வடசேரிக்குத் தேடிப் போனேன். வாசல் கேட்டில் பூட்டு. அடுத்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"மகன் கூட்டிட்டுப் போனான்லா. அங்க போயி ஆறு மாசம் இருந்தாரு. அங்கயே அடக்கம் பண்ணிட்டாவ. நீங்க சொந்தமா?"

"இல்ல. தெரிஞ்சவ" என்றேன்.

கொஞ்ச நாளில் மகன் வீட்டை விற்றான். இப்போது அந்த இடத்தில் ஒரு துணிக்கடையின் கார்கள் நிற்கின்றன. சார் சொல்லித் திரிந்த குளங்களில் ஒன்றின் மேல் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. என் அறை இருந்த கட்டடத்தை இடித்துச் சாலையை அகலமாக்கினார்கள். கணவர் போனார், மகள் பெங்களூரில். பகல் முழுக்க டிவி ஓடுகிறது, நான் பார்ப்பதற்காக இல்லை. நாகர்கோவில் எம்.பி. தொகுதி என்று சொன்னால் இளைய பிள்ளைகள், நான் எம்.எல்.ஏ. தொகுதியைத்தான் மாற்றிச் சொல்லுகிறேன் என்று திருத்துகிறார்கள். நானும் சரி என்று விட்டுவிடுகிறேன்.