ஹார்லன் ஐலர்ஸ் களை நட்ட கதை

என் தம்பி ஹார்லன் ஐலர்ஸ் இந்த உலகத்துக்குச் செய்த ஒரே தொண்டு, களை இல்லாத சோயா வயல். அயோவாவில் எங்கள் பக்கத்தில் ஒருவன் குடிக்கலாம், ஊர் முழுக்கக் கடன் வாங்கலாம், பிரசங்கத்தின் நடுவே குறட்டையும் விடலாம். வயலில் ஒரு களை தலைதூக்கினால் மட்டும் மன்னிப்பே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இங்கே யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. பிக்கப் வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டி, அடுத்தவன் வயலை எட்டிப் பார்த்து, வயிறு குளிர்ந்த பிறகுதான் மதியச் சாப்பாடு. அந்தப் புனிதக் கடமையில் ஹார்லன் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அவனுடைய பரம எதிரி பால்செடி. கிள்ளினால் பால் வடியும், எருக்குக்கு ஒன்றுவிட்ட உறவு. வேரில் ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் அடுத்த வருஷம் குடும்பத்தோடு வந்து நிற்கும். சின்ன வயதில் நாங்கள் எல்லோருமே ஜூலை வெயிலில் சோயா வரிசைகளுக்குள் நடந்து அதை வெட்டியவர்கள்தான். மற்றவர்கள் அப்பா திட்டுவாரே என்று நடந்தோம். ஹார்லன் ஆசையாக நடந்தான். பிறகு களைக்கொல்லி வந்தது, ஊரே வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இவன் மட்டும் மருந்துக்குத் தப்பிய ஒன்றிரண்டைத் தேடித் தேடிப் பிடுங்கினான். பிடுங்கியதை வேர் வானத்தைப் பார்க்கும்படி வரிசையாகக் கிடத்துவான், மறுபடி பிழைத்துவிடக் கூடாதாம்.

ஊரிலேயே மோசமான வயல் டுவேன் பாப்பனுடையது. டுவேன் எங்கள் பள்ளிக்கூடத் தோழன், நல்ல மனுஷன், ஆனால் சோம்பேறி. அவன் வேலியோரம் பால்செடி ஆளுயரம் நிற்கும். "பாப்பன் வயல்ல சோயாவைத் தேடணும்னா துப்பறியும் ஆளை வெச்சுத்தான் தேடணும்" என்று ஹார்லன் காபிக் கடையில் சொல்வான். சொன்னது சூடு ஆறுவதற்குள் டுவேன் காதுக்குப் போய்விடும். எங்கள் ஊரில் அந்த வசதிக்குக் குறைவே இல்லை.

முழங்கால் இரண்டும் மக்கர் செய்த பிறகு ஹார்லன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, டவுனில் அக்காவான என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தான். கூட அவன் மனைவி மார்லிஸ். பாவம், கல்யாணமான நாள் முதல் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு வருஷம் சோளத்தையும் மறு வருஷம் சோயாவையும் பார்த்துக் கண் பூத்துப் போனவள். டவுனுக்கு வந்தால் ஜன்னலுக்கு வெளியே என்ன? சலூனில் வெட்டிவிட்ட மாதிரி ஒரு புல்தரை. அதில் ஒரு மஞ்சள் பூ எட்டிப் பார்த்தால் ஹார்லன் கத்தியோடு ஓடுவான். அரிசோனாவிலிருந்து அவள் தங்கை ஜனெல் வேறு, நீச்சல் குளத்தில் காலை விட்டுக்கொண்டே ஆரஞ்சு பறிப்பதாக வாராவாரம் போன் செய்து வயிற்றெரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு வசந்த காலத்துக் காலையில், நானும் காபியோடு உட்கார்ந்திருக்கும்போது, மார்லிஸ் பேச்சை எடுத்தாள்.

"நான் அரிசோனாவுக்குப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?" என்றான் இவன், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"நாளா? ஒரேயடியா. நீயும் வரலாம், வராமலும் இருக்கலாம். உன் இஷ்டம்."

வெண்ணெய்க் கத்தி கீழே விழுந்தது. அரிசோனாவில் வயல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாரைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது?

"இங்க என்னடி குறை உனக்கு?"

"பாக்க ஒண்ணுமில்ல. சின்ன வயசுல எங்க வீட்டுப் பின்னாடி மொனார்க் பட்டாம்பூச்சி கூட்டங்கூட்டமா வரும். ஆரஞ்சு கலரு, கறுப்புக் கோடு. இலையுதிர்காலம் வந்தா மெக்சிகோ வரைக்கும் பறந்து போகும். கடைசியா எப்பப் பாத்தேன்னே ஞாபகமில்ல. செப்டம்பருக்குள்ள நம்ம தோட்டத்துல பொறந்து ஒண்ணே ஒண்ணு பறக்கட்டும். நான் இங்கயே இருக்கேன்."

"அவ்வளவுதானே? நாலு பூச்செடி நட்டுட்டா போச்சு."

"பூ பசிக்குத்தான். முட்டை போடறதுக்கு பால்செடி வேணும். புழு அதை மட்டுந்தான் தின்னும்."

திருடனை வீட்டில் உட்காரவைத்துச் சோறு போடு என்று போலீஸ்காரனிடம் சொன்னால் எப்படி முழிப்பானோ அப்படி முழித்தான் என் தம்பி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் காபி மூக்கில் ஏறியது.

ஆனாலும் செய்தான். புல்தரையில் பாதியை உழுது, கயிறு கட்டி, அளவெடுத்து, ராணுவ அணிவகுப்பு போலப் பால்செடி விதைத்தான். பட்டாம்பூச்சி நேர்க்கோட்டில்தான் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஓரத்தில் எனக்காக இரண்டு வரிசை சாமந்தி. மே போயிற்று. சாமந்தி பூத்தது. பால்செடி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வாழ்நாள் பூரா சாகடிச்சும் சாகல. இப்ப வான்னு கூப்பிட்டா வரமாட்டேங்குது!" என்று நிஜமாகவே மனம் நொந்து சொன்னான்.

"அதுக்கும் ரோஷம் இருக்கும்ல," என்றேன்.

விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தை மார்லிஸ்தான் படித்தாள். ஈரக் குளிரில் கிடந்தால்தான் அந்த விதை முளைக்கும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. விவசாயம் தெரிந்த மகாராஜாவுக்குப் பொட்டலத்தைப் படிக்க அவமானம். மிச்ச விதையை அவள் ஈரக் காகிதத்தில் சுற்றி, குளிர்பெட்டியில் பன்றித் தொடைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பிறகு விதைத்தாள். முளைத்தது. ஜூலையில் விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று ஒரு வரிசை நின்றது. மருந்தடிக்கும் தெளிப்பானை மார்லிஸ் முன்னெச்சரிக்கையாக என் கராஜில் வைத்துப் பூட்டினாள். அவன் கையைப் பூட்ட அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு காலை, ஹார்லன் இடது கையில் காபிக் கோப்பையோடு அந்த வரிசையோரம் நடந்தான். என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வானத்தைப் பார்த்தான், மழை வருமா என்று யோசித்தான், நடந்தான், குனிந்தான், நிமிர்ந்தான். வரிசையின் கடைசிக்கு வந்து மீசையைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் விரலெல்லாம் பாலாக இருப்பதைப் பார்த்தான். திரும்பினான். அத்தனை கன்றும் வேர் வானத்தைப் பார்க்க அழகாக வரிசையாகக் கிடந்தது.

மார்லிஸ் அவர்கள் வீட்டு ஜன்னலில் நின்றிருந்தாள். கத்தவில்லை. போனை எடுத்தாள். "ஜனெல், அந்தச் சின்ன ரூமைப் பெருக்கி வை" என்றது எனக்கே கேட்டது.

கையைக்கூடக் கழுவாமல் என் வீட்டுக்கு ஓடிவந்தான். "வெர்னா, நான் பண்ணல. கை பண்ணிடுச்சு."

"அப்ப கையை இங்க வெச்சுட்டு நீ அவகூட அரிசோனா போ."

"விளையாடாத. இனிமே எங்க போய் பால்செடியைத் தேடுவேன்?"

"தேடணுமா? இந்த ஊர்ல அது யார்கிட்ட இருக்குன்னு காபிக் கடையில நின்னு கத்தினவனே நீதானே?"

அவன் முகம் வெளுத்தது. "செத்தாலும் அவன் வாசலை மிதிக்க மாட்டேன்."

"சாகவெல்லாம் வேணாம். உயிரோட இருந்து தனியா தகர டப்பா சூப்பைக் குடி."

மார்லிஸ் இல்லாமல் அவனுக்கு ஒரு நாள் ஓடாது. அதை அவளிடமே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஐலர்ஸ் வீட்டு ஆண்கள் அந்த மாதிரி அநாகரிகமெல்லாம் செய்வதில்லை.

மறுநாள் பிக்கப்பில் மூவரும் பாப்பன் வீட்டுக்குப் போனோம். இவனைத் தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவான் என்று மார்லிஸையும் நான்தான் ஏற்றினேன். அவள் உம்மென்று வந்தாள். டுவேன் கொட்டகையிலிருந்து எண்ணெய்க் கையோடு வெளியே வந்தான்.

"என்னடா ஹார்லன், வழி தவறிட்டியா? நீ ஞாயித்துக்கிழமைதானே இந்தப் பக்கம் வருவ? அதுவும் இறங்காம."

ஹார்லன் தொப்பியைக் கழற்றினான். எங்கள் ஊரில் தேசிய கீதத்துக்கும் ஜெபத்துக்கும் சவப்பெட்டிக்கும்தான் தொப்பி இறங்கும். வெயிலே படாத நெற்றி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. எனக்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"எனக்குப் பால்செடி வேணும், டுவேன்."

"எதுக்கு? மறுபடி பிடுங்கறதுக்கா?"

"வளக்கறதுக்கு. உன் வேலியோரத்துலேர்ந்து கொஞ்சம் குடு. இல்லாட்டி என் பொண்டாட்டி போயிடுவா. தயவுசெஞ்சு குடுடா."

டுவேன் இந்த ஒரு நாளுக்காக நாற்பது வருஷக் கிண்டலைச் சேர்த்து வைத்திருந்தான். வாயைத் திறந்தான். வண்டியிலிருந்த மார்லிஸைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சும்மா தோண்டினா வேர் அறுந்துடும். லோடர்ல மண்ணோட அள்ளிக் கொண்டுவந்து இறக்கறேன். ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமைதான் கொண்டுவருவேன். சர்ச் விடற நேரத்துக்கு. நீ முன்னாடி ஓட்டிக்கிட்டுப் போகணும், மெதுவா."

போனோம். மெயின் தெருவில், சர்ச் படியில் ஊரே கைகட்டி நிற்க, என் தம்பி ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினான். பின்னால் டுவேனின் லோடர் வாளியில் ஆளுயரப் பால்செடிகள் ஆடி அசைந்து வந்தன. பாதிரியார் கையசைத்தார். ஹார்லன் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

செடி வாடியது, பிறகு அடியிலிருந்து புதுத் துளிர் விட்டது. ஆகஸ்டில் எங்கிருந்தோ ஒரு மொனார்க் வந்து முட்டையிட்டுப் போனது. புழுக்களைக் குளவி தூக்கிப்போக, ஹார்லன் மடக்கு நாற்காலியும் ஈ அடிக்கும் மட்டையுமாகக் காவல் உட்கார்ந்தான். மிஞ்சியது ஒன்றுதான். அது ஊரில் வேறு இடமே இல்லாதது போல அவன் நாற்காலிக்கு அடியில் போய்க் கூடு கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் புல்லில்தான் உட்கார்ந்தான்.

செப்டம்பரில் அது வெளியே வந்தது. மார்லிஸ் மண்டி போட்டுப் பார்த்தாள். சிறகு காய்ந்தது, எழுந்தது, ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் தெற்கே போய்விட்டது. அவ்வளவுதான் காட்சி. ஹார்லன் முகத்தில் ஈயாடவில்லை.

"திரும்பி வருமா?" என்று கேட்டான். "வராது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் போனை எடுத்தாள். ஜன்னல் திறந்திருந்தது. நாங்கள் இருவரும் புல்லில் அசையாமல் இருந்தோம்.

"ஜனெல், நான் வரல... பூச்சியா? அது பறந்து போய் அஞ்சு நிமிஷம் ஆச்சு. அதுக்காக இல்லடி. ஹார்லன் என்னை இருக்கச் சொல்லி டுவேன் பாப்பன் முன்னாடி தொப்பியைக் கழட்டிட்டு நின்னான். உங்க ஊர்ல ஏதோ பெரிய பள்ளத்தாக்கு இருக்குன்னு காசு குடுத்துப் போய் பாக்கறாங்களே, அதை நீங்களே வெச்சுக்கோங்க. நான் பாக்கவேண்டியதைப் பாத்துட்டேன்."