அடுப்பெரியாத நாள்

அந்த வீட்டு நடையில் ஒரு பெரிய ஓவியம் தொங்கியது. கறுப்பு அங்கி, கழுத்தில் இரண்டு வெள்ளைப் பட்டிகள், சிரிப்பையே அறியாத முகம். மட்டக்களப்பில் எங்கள் பழைய போதகர்மாரும் ஆராதனைக்கு இதே கோலத்தில்தான் வருவார்கள். ஆகவே முதல் நாளே நானாக முடிவு கட்டிவிட்டேன், இவர் வீட்டுக்காரி துரைசாணி அம்மாவின் தகப்பன் என்று. ஒருவரையும் கேட்கவில்லை. என் அவசரப் புத்தி அப்படி.

எண்பதுகளில் இரண்டு பிள்ளைகளோடு அகதியாக மொன்றியலில் வந்து விழுந்தபோது, பக்கத்து வீட்டு மன்னார் அக்கா பிடித்துத் தந்த வேலை அது. துரைசாணி அம்மா ஸ்கொட்லாந்து வம்சம், பிள்ளைகுட்டி இல்லாத தனிக்கட்டை. வீட்டைத் துடைத்து, சமைத்து வைத்துவிட்டு மெட்ரோவில் திரும்புவேன். என் கணவரும் போதகர்தான். அவர் எங்களோடு வரவில்லை, ஊரில் தன் சபையோடு நின்றுவிட்டார். அவரைக் கூப்பிட வழி பிறந்துவிட்டது என்று சட்டத்தரணி சொன்ன பிறகும் அசையவில்லை. தொலைபேசியில் கேட்டால், "சனத்த விட்டுட்டு என்னெண்டு வாறது?" என்பார். "உங்கட விருப்பம்" என்று வைத்துவிடுவேன். வைத்த கையோடு சட்டி பானைகளோடு சண்டை பிடிப்பேன். கோயிலில் நாலு பேர் அவரைப் புகழும்போது பெருமையாக இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே பெருமை பற்றிக்கொண்டு எரியும். எது என் உண்மையான மனம் என்று எனக்கே விளங்கவில்லை.

ஒரு நாள் காலை போனேன். வெளியே நல்ல குளிர். உள்ளே அடுப்பு மூட்டவில்லை, தேநீர்கூடப் போடவில்லை. துரைசாணி அம்மா கறுப்புச் சட்டையோடு ஓவியத்தின் கீழே அழுதுகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விளங்கியது இவ்வளவுதான்: அரசன் அனுப்பிய பிஷப்புக்குக் கீழ்ப்படிய ஓவியத்தில் இருந்தவர் மறுத்துவிட்டார். துவக்கோடு ஆமி வந்தது. கோயிலைப் பூட்டி, போதகர் வீட்டிலிருந்து எல்லோரையும் துரத்தியது. கைக்குழந்தையும் மற்றப் பிள்ளைகளுமாக மனைவி தெருவில் நின்றாள். அவர் தப்பிக் கப்பலேறி ஒல்லாந்துக்குப் போய்விட்டார். இன்றைக்குத்தான் அந்த நாளாம். தான் பெற்ற பிள்ளையே தெருவில் நின்றது போலத் துரைசாணி அம்மா அழுதார்.

அடுப்பெரியவில்லையென்றால் எங்களுக்கு அது செத்த வீடு. செத்த வீட்டை அயலார் பட்டினி போடுவதில்லை. ஓட்டமாக வீட்டுக்குப் போய்ச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்துத் துணியில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் கையைப் பிடித்து, அப்பா காலமாகி எவ்வளவு காலம் என்று கேட்டேன்.

"அப்பாவா?" என்று விழித்தார். பிறகு கண்ணீரோடே சிரிக்கத் தொடங்கினார். ஓவியத்தில் இருப்பவர் பாட்டனுக்குப் பாட்டனுக்கும் முந்திய முன்னோராம். முந்நூறு வருடக் கதையாம்! அந்தப் பிள்ளைகள் அன்று சூடாக ஒன்றும் தின்னவில்லை என்பதற்காக, வருடத்தில் அந்த ஒரு நாள் அவர்கள் குடும்பத்தில் அடுப்பு மூட்டுவதில்லையாம். தனக்குப் பிறகு அந்த நாளை நினைக்க ஆளில்லை என்றுதான் அழுதாராம். எனக்குச் சிரிப்பதா, முழிப்பதா, கறியைத் திருப்பிக் கொண்டு போவதா என்று தெரியவில்லை. பின்னேரம் மன்னார் அக்காவிடம் சொன்னபோது, "அடி விசரி, முந்நூறு வருசத்துச் செத்த வீட்டுக்கோ கறி காய்ச்சினனீ?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் துரைசாணி அம்மா சாப்பிட்டார். மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்து, பிறகு அந்தக் குடும்பம் என்னவானது என்று கேட்டேன். அந்தக் குளிரில் இரண்டு பிள்ளைகள் செத்துப்போயின. போதகர் ஒல்லாந்திலிருந்து பிரசங்கங்கள் எழுதி அனுப்பினார். அவை இன்னும் இருக்கின்றன.

"மனைவி பெயர் என்ன?"

யோசித்தார். யாரும் சொல்லி வைக்கவில்லை என்றார்.

அப்படியே எழுந்தேன். துரைசாணி அம்மாவின் தொலைபேசியிலிருந்தே, ஊரில் என் கணவர் இருந்த மிஷன் வீட்டுக்கு எடுத்தேன். இவர் குரல் கேட்டதும், "இஞ்சருங்க, உங்கட விருப்பம் எண்டு இனிச் சொல்லமாட்டன். எனக்கு நீங்க வேணும். வாங்க" என்றேன்.

"ஆமி சுத்திவர நிக்குது. இந்த நேரம் சனத்த ஆரிட்ட விட்டுட்டு வர?"

"எங்கள ஆரிட்ட விட்டீங்க?"



வந்தார். சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டினார். சாகும்வரை ஒரு பிரசங்கம் செய்யவில்லை. கேட்டால், "ஓடி வந்த மேய்ப்பனுக்கு என்ன பிரசங்கம்?" என்பார். கோபமாகக்கூட அல்ல, நேரம் சொல்வதுபோலச் சொல்வார். ஊரில் அவருக்குப் பதிலாக நெடுங்காலம் எவரும் வரவில்லை. அங்கே பலரை ஜெபம் சொல்ல ஆளின்றிப் புதைத்தார்கள் என்ற செய்தி வரும் நாளில் அவர் சாப்பிட மாட்டார். நான் சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் நிற்பேன்.

என் பிள்ளைகள் தகப்பன் தோளில் ஏறி வளர்ந்தவர்கள். அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. நிறைந்த கையோடேயே உறுத்துகிறது. இப்போது அந்தத் தொலைபேசி மறுபடி என் கைக்கு வந்தால் என்ன சொல்வேன்? வாங்க என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு, அவருக்காக அழுவேன்.