மேட்டூர் திறக்கும்வரை சாகக் கூடாது

இன்று காலை பாபநாசத்துப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். காவேரியின் கிளையான குடமுருட்டியில் புதுத்தண்ணீர். சருகும் நுரையும் ஒற்றைச் செருப்புமாய், காய்ந்த மணலை நக்கிக்கொண்டு வருகிற முதல் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அது உயிர் பிழைத்த வாசனை.

இங்கே உரக்கடையில் கணக்கு எழுதிய வயதில் எனக்கு இரட்சிப்பில் சந்தேகம் வந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது கோயிலில் தலையில் தெளித்ததெல்லாம் செல்லாது, விவரம் தெரிந்து முழுகினால்தான் ஞானஸ்நானம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டேன். சரி, முழுகிவிடலாம் என்று போனால், ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"பம்புசெட்டுத் தொட்டியில குடுத்துடலாம் தம்பி," என்றார் கூட்டம் நடத்திய பாஸ்டர்.

"இல்லங்க பாஸ்டர், காவேரித் தண்ணிதான்."

கவிதை எழுதுகிறவன் சிமெண்டுத் தொட்டியிலா மறுபடி பிறப்பான்! ஆக, என் பரலோகம் மேட்டூர் அணைக்குள் பூட்டிக் கிடந்தது. அது திறக்கும்வரை சாகக் கூடாது. பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரமாட்டேன். தென்னை மரத்தடியில் நடக்கமாட்டேன். வீட்டில் கெண்டைமீன் குழம்பு கொதிக்கும்போது, முள்ளுக்குப் பயந்து ரசம் கேட்ட வீரன் நான்.

அப்படியும் சித்திரை வெயிலில் டைபாய்டு வந்தது. காய்ச்சலைவிட, அணை திறக்கவில்லையே என்பதுதான் உடம்பை நடுக்கியது. நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம், "செத்தா நரகந்தான்க்கா," என்று அழுதேன்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன்டா, மேட்டூர்காரன் தொறந்து விட்டாத்தான் ஆண்டவரு உன்னைச் சேத்துக்குவாரா? அன்னிக்குக் கோயில்ல உன்னைத் தூக்கிட்டு நின்னவ நானு. தலையில தண்ணி பட்டதும் வேணாம் வேணாங்கற மாதிரி கத்தின பாரு, ஊரே திரும்பிப் பாத்துச்சு. போதகர் அங்கியையும் நனைச்சுட்ட. அவ்வளவு கத்தியும் விடாத ஆண்டவரு, இப்பவா விட்டுடப்போறாரு? வாயத் தொற, கஞ்சி ஆறுது."

திறந்தேன். அந்த வருடம் தண்ணீர் வந்தபோது நான் ஆற்றுக்குப் போனது வெறுமனே குளிக்கத்தான்.

இப்போது முன் சீட்டுக்கு முண்டியடிக்கிறேன். மீனை முள்ளோடு மெல்லுகிறேன். அந்தப் பயம் எந்த வாய்க்காலில் வடிந்ததோ தெரியவில்லை. அக்காவும் போய்விட்டாள், போன ஐப்பசி மழையில். குழிக்குள் அவளை இறக்கியபோது, இந்த நரைத்த தலையோடு வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். ஊரே திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கும் அவர் என்னை விடவில்லை.