சுபுஹுக்கு எழுந்தீகளா, முழிச்சே இருந்தீகளா?

எங்கள் தெருவில் என் ஓரகத்திக்குத் தனி மரியாதை இருந்தது. நடுராத்திரித் தொழுகையான தஹஜ்ஜத்தை ஒருநாளும் விடாதவர் என்று பேர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், மாப்பிள்ளைக்கு வியாபாரத்தில் ஆர்டர் கிடைக்கவில்லை என்றாலும், "எங்களுக்காகத் துஆ கேளுங்க மைனி" என்று பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவர் இளைத்துக் கண்ணுக்கடியில் கறுத்ததைக்கூட, "மொகத்துல என்னா ஒளி பாருங்க" என்றார்கள். வடிக்கிற கஞ்சியை அவர் காலில் கவிழ்த்துக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒளியாவது ஒண்ணாவது, நின்றுகொண்டே கண் சொருகியிருக்கிறார். அடுத்த தடவை அடுப்பிலேயே விழுந்தால்?

நாங்கள் கடலோர ஊரிலிருந்து சிவகாசிக்கு அட்டை வியாபாரத்துக்கு வந்தவர்கள். எங்கள் பள்ளிவாசலைச் சுற்றி இருந்த முக்கால்வாசிக் குடும்பங்களும் அப்படிப் பிழைக்க வந்தவைதான். பட்டாசு சீசன் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதரஸா கூடத்தில் பெண்களுக்கு மட்டும் முகாம் போட்டார்கள். பிரஷர், சுகரோடு தூக்கம், மனசு பற்றியும் விசாரிக்க ஒரு நர்சம்மா வந்திருந்தார். வாய் ஓயாதவள் என்று ஆள் கூட்டிவரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

"தூக்கம் நல்லா வருதாம்மா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"மனசு பாரமா இருக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறையும் இல்ல."

வந்தவர்கள் எல்லாரிடமும் அதே பதில். நர்சம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "உங்க தெருவுல எல்லாரும் நிம்மதியா இருக்காங்களே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்ககிட்ட எப்படி இருக்கீகன்னு கேட்டா, காலு ஒடிஞ்சு கெடந்தாலும் 'எல்லாப் புகழும் எறைவனுக்கே'ன்னு அதைத்தான் சொல்லுவோம். எறைவனைப் பத்திக் கொறை சொல்ற மாதிரி ஆயிரக் கூடாதுல்ல. இப்படிக் கேளுங்க: சுபுஹுக்கு எந்திரிச்சீகளா, இல்ல அதுக்கு முன்னாலயே முழிச்சுத்தான் கெடந்தீகளா?"

அதிகாலைத் தொழுகையை வைத்துக் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. "எங்கன எந்திரிக்க? படுத்தாத்தானே!" என்று ஒருத்தி ஆரம்பிக்க, கூடமே கலகலத்தது. என் ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முறை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாரணாபுரம் பக்கம் பட்டாசு ஆலை வெடிச்சு நம்ம சன்னல் அதிருச்சுல்ல, அன்னையில இருந்து கண்ணை மூடுனா காது தொறந்துக்கிடுது. படுத்துக் கெடக்கப் பயந்துதான் எந்திரிச்சுத் தொழுறேன். தொழுகைக்காக முழிச்சிருக்கேன்னு நெனைக்கிறாக. அப்படி இல்லம்மா."

விருதுநகரில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார் நர்சம்மா. வீட்டில் மாமியார் குதித்தார். "கிறுக்குக்குப் பாக்குற டாக்டர்கிட்டயா? ஊரு என்ன சொல்லும்?"

"காலுல கஞ்சி ஊத்துனப்ப ஊரா வந்து மருந்து போட்டுச்சு மாமி?" என்றேன்.

ஓரகத்தி அக்காவுக்கு வேறு கவலை. பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து கேட்டார்: "மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன்னா, ராத்தொழுகை நின்னுபோகுமே. அப்புறம் எவ எங்கிட்ட துஆ கேக்க வருவா?"

"நான் வருவேன். இம்புட்டு பேசுறேன்ல, என் வாயி அடங்கணும்னு கேளுங்க." விருதுநகர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையைவிட அதிகமாகப் பேசவும் விட்டார். பலன் உடனே தெரியவில்லை. போவதும் வருவதுமாகச் சில வாரங்கள் ஆயின. ஒரு காலையில் சுபுஹுக்குப் பாங்கு சொல்லி முடிந்தும் அக்கா எழவில்லை. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார். எழுப்பலாமா என்று நான் வாசற்படியில் தயங்கி நின்றேன்.

தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்த ஈரக் கையோடு மாமியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"வாயைத் தொறந்துறாத. தூங்கட்டும். எந்திரிச்சு, விட்டுப்போனதைக் களாவாத் தொழுதுக்கிடுவா."

சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.