கடல் தாண்டி வந்த கொட்டு

எங்கள் குடும்பத்தில் சாமி வந்து ஆடியவர்கள் மூன்று பேர். அதில் சித்திக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஆப்பிரிக்காக் கொட்டுக்கு.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பசுவந்தனைப் பக்கம் கரிசல்காட்டு ஊர் எங்களுக்கு. ஆடும், மழை பெய்தால் கம்பும் மிளகாயும்தான் பிழைப்பு. சித்தப்பா மட்டும் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் மிஷின் மெக்கானிக். கானா என்கிற நாட்டில் புதிதாகத் தீப்பெட்டி ஆபீஸ் போடுகிறார்கள், மிஷின் ஓட்டிக் காட்ட ஆள் வேண்டும் என்று முதலாளி மூலமாகக் கேட்டு வந்தது. கல்யாணமாகி ஆறே மாதத்தில் விமானம் ஏறிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது அவர் மகளுக்கு ஒன்றரை வயது. அவரைப் பார்த்ததும் “மாமா” என்றாள். பெட்டியோடு வருகிற ஆம்பளை எல்லாரும் அவளுக்கு மாமாதான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சித்தி சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

பெட்டியோடு சாக்கில் சுற்றி அந்தக் கொட்டும் வந்தது. ஒரே மரத்தைக் குடைந்தது, என் நெஞ்சு உயரம் இருக்கும். மேல்பக்கம் மட்டும் தோல். அதை இழுத்துப் பிடிக்கச் சுற்றிலும் மர முளைகள். அப்பா தோலைத் தடவிப் பார்த்து, “வெள்ளாட்டுத் தோலுதாம்லே” என்றார். கடல் தாண்டியும் ஆடு ஆடாகத்தான் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. “கொட்டுன்னா கோயிலுக்கு, இல்லன்னா எழவுக்கு. வீட்டுக்குள்ள வைக்கிற சாமானா இது?” என்று சொல்லி, மரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, முற்றத்து வேம்படியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

சாயந்தரமானால் சித்தப்பா அதைக் கால்களுக்கு நடுவில் சாய்த்துக்கொண்டு உட்காருவார். குச்சி கிடையாது, வெறும் உள்ளங்கைதான். நடுவில் அடித்தால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம், ஓரத்தில் அடித்தால் மழை முதல் சொட்டு தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு சத்தம். அது அடங்கின பிறகும் நெஞ்சாங்கூட்டில் கொஞ்ச நேரம் இருக்கும். பிள்ளை தத்தித் தத்திப் போய்த் தோலில் கையை வைத்துப் பார்த்து, பயந்து எடுத்து, மறுபடி வைப்பாள். அந்த நேரம் மட்டும் அவரிடம் போவாள்.

அங்கே முதன்முதலாகக் கொட்டு கேட்ட கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. உடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷம். நம்மூர்க் கோயிலில் நிற்கிற மாதிரி இவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறார். ஒரு வயதான அம்மா வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்ததாம்.

“ஏன் பாத்திச்சு?” என்பேன் நான், பதில் தெரிந்தே.

“காச்சலான்னு பாத்திருக்கு. அங்கன கொட்டு கேக்க வந்தவன்னு ஒருத்தன் கிடையாது பாத்துக்கோ. கைதட்டணும், இல்ல ஆடணும். சும்மா நின்னா உடம்புக்கு முடியலன்னுதான் நெனைப்பாவ.”

அப்புறம் அந்த அம்மாவே மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் விட்டுவிட்டதாம். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் ஒரு தடவைகூட ஆடாத மனுஷன் அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார். அந்த இரண்டு வருஷத்தில் ஊர் நினைப்பு வராத நேரம் அது ஒன்றுதான் என்பார்.

இன்னொன்றும் சொல்வார். அங்கே ஒரு கொட்டு கேட்கும், இன்னொன்று பதில் சொல்லும். ஒற்றைக் கொட்டு அடிப்பது தனியாகப் பேசிக்கொண்டு திரிகிற மாதிரி. “ஏட்டி, பதில் சொல்லுங்க” என்று எங்களை விரட்டுவார். நான் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டுவேன். ஒருநாளும் சரியாக விழுந்ததில்லை.

சரியாக விழுந்தது அடுப்படியிலிருந்துதான். சித்தி சுளகில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா அடித்து நிறுத்தின இடத்தில் சுளகில் விரலால் மூன்று தட்டு. அவர் திரும்பிப் பார்த்தார். சுளகு மறுபடி புடைக்கப் போய்விட்டது. பெரியவர்கள் இருக்கிற இடத்தில் சித்தி அவரோடு பேசமாட்டாள். “காப்பி குடிக்கியளான்னு கேட்டுட்டு வா” என்று என்னைத்தான் அனுப்புவாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் அந்தச் சுளகு பதில் சொன்னது.

லீவு முடிகிற நேரம். இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா போகச் சொன்னார். அம்மா போகச் சொன்னாள். டீக்கடை முழுக்கப் போகச் சொன்னது. புதன்கிழமை மணியாச்சியில் ரயில்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அம்மன் கோயில் பூசாரி மாமாவும் வந்திருந்தார். சித்தப்பா அடிக்க ஆரம்பித்தார். சித்தி அடுப்படியிலிருந்து வந்து பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தாள். “கெட்டியாப் பிடிச்சுக்கோட்டி, இறக்கி விட்டுராத” என்றாள். சுளகைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

அடுத்த நிமிஷம் முடி விரிந்து கிடந்தது. ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், தொழுவத்தில் ஆடெல்லாம் எழுந்து நின்றுவிட்டன. சித்தப்பா கை அப்படியே நின்றது.

“நிப்பாட்டாதலே!” என்றார் பூசாரி மாமா. “சாமி நிக்கையில கொட்டை நிப்பாட்டலாமா? அடி!”

பாவம், சித்தப்பா அடித்துக்கொண்டே இருந்தார். பூசாரி மாமா திருநீற்றுத் தட்டோடு முன்னால் போய், “வந்திருக்கது யாரு தாயி?” என்று கேட்டார்.

“நான் இந்த எல்லைக்காரிலே!” என்றது சாமி. பிறகு நேராகச் சித்தப்பா முன்னால் போய் நின்றது. “என் எல்லையத் தாண்டிப் போறியே, யாரைக் கேட்டுலே போற? ஊரைக் கேட்ட. அண்ணனைக் கேட்ட. வீட்டுல ஒருத்தி கெடக்காளே, அவளைக் கேட்டியாலே?”

சித்தப்பாவின் கை அடித்துக்கொண்டிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. “கேக்கல ஆத்தா” என்றார்.

“பெத்த பிள்ளை மாமாங்குது. இன்னும் மூணு வருஷங் கழிச்சு வந்தா என்னன்னு கூப்பிடும்?”

“போகல ஆத்தா. நான் போகல.”

சாமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு குனிந்து கொட்டின் ஓரத்தில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு மலை ஏறிவிட்டது. சித்தி வேம்படியில் சாய்ந்து கிடந்தாள். அம்மா தண்ணீர் தெளித்ததும் எழுந்து, “என்னாச்சுக்கா?” என்று கேட்டாள்.

மறுநாள் டீக்கடையில் ஒரே வழக்கு. கொட்டுக்குள்ளேயே இருந்து வந்த ஆப்பிரிக்காச் சாமிதான் அது என்று பாதிப்பேர். “அப்படின்னா அந்த ஊர்ப் பாஷையிலல்லா பேசணும்?” என்று ஒரு அண்ணாச்சி கேட்க, “வந்து ஒரு மாசமாச்சுல்லா, படிச்சிருக்கும்” என்று இன்னொருவர் சொன்னார். அப்பா மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஆத்தா சொன்ன பிறகு அண்ணன் சொல்ல என்ன இருக்கிறது? சித்தப்பா கோவில்பட்டிக்குப் போய்ப் போன் பண்ணி, வரவில்லை என்று சொல்லிவிட்டு, பழைய தீப்பெட்டி ஆபீஸிலேயே சேர்ந்துகொண்டார். பிள்ளை “அப்பா” என்று கூப்பிட மேலும் பத்து நாள் ஆயிற்று.

வந்தது எங்கள் ஆத்தாதான். அன்றும் எனக்குச் சந்தேகமில்லை, செவ்வாய் வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிற இன்றும் சந்தேகமில்லை. சித்தி என்னிடம் பிள்ளையைக் கொடுத்த பிறகுதான் சாமி வந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமி வரப்போகிறது என்று அவளுக்கு முன்னாலேயே யார் சொன்னார்கள் என்று கேட்கவும் அன்றைக்குத் தோன்றவில்லை. இறக்கி விட்டுராத என்று சொல்லியிருந்தாளே, பிள்ளையை இறுக்கிப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தேன்.