அத்தர் குடித்த வெக்கியூம்

இடது கை தகர டிரம்மை மடியோடு அணைத்துப் பிடித்திருந்தது. வலது கை எந்தத் திருகாணியையும் ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தவில்லை. ஒன்றைத் தளர்த்தி, அடுத்ததுக்குப் போய், வட்டமாகச் சுற்றி மறுபடி முதலாவதுக்கு வந்து இன்னொரு சுற்று. ஒன்றை மட்டும் முழுதாகக் கழற்றினால் மோட்டரின் மூடி கோணிக்கொள்ளும். துருவேறிய திருகாணி என்றால் கழுத்தோடு முறியும். நகங்களில் மருதோன்றிச் சிவப்பு பாதி வளர்ந்து நின்றது. அதன் ஓரத்தில் கிறீஸ் கறுப்பு.

மூடி மேலே வந்ததும் கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"இஞ்சாருங்க, ஒருக்கா இஞ்ச வாங்க. இத மணந்து பாருங்க."

வாசலில் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நிப்றாஸ் உள்ளே வந்து மோட்டருக்கு மேல் மூக்கை வைத்தான். நிமிரும்போது முகம் மலர்ந்திருந்தது.

"என்ன புள்ள இது? மாப்பிள்ள வார ஊடு மாதிரி மணக்குது!"

"வெக்கியூம் எண்டா தூசி மணக்கணும். மோட்டர் பத்தினா கருகல் மணக்கணும். இது அத்தர்."

"பள்ளிவாசலுக்குள்ளயே கெடந்த மிஷின்தானே. அதுக்கும் பக்தி கூடிட்டாக்கும்."

அந்தக் கைகள் சுஹறாவுடையவை. ஆட்டோ ஓட்டும் நிப்றாஸ் அவளுடைய கணவன். கல்முனைக்குடியில் தன் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு அவள் மிக்சி, மின்விசிறி, தையல் மிஷின் மோட்டர் எல்லாம் திருத்துகிறாள். என்றாலும் ஊருக்கு அவள் வெக்கியூம் சுஹறா. மணல் முற்றமும் சீமெந்துத் தரையும் உள்ள இந்தக் கிழக்கிலங்கைக் கரையில் தூசி உறிஞ்சும் வெக்கியூமுக்கு என்ன வேலை என்று சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டுப் பெட்டிகளில் அது வந்துகொண்டேதான் இருந்தது. ஆசையாகக் கொண்டுவருவார்கள், அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டுவார்கள், பிறகு ஒரு பழைய சாரனைப் போர்த்தி அலுமாரிக்கு மேல் ஏற்றிவிடுவார்கள். மிச்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொள்ளும். பள்ளிவாசல்களிலும் பொத்துவில் பக்கத்து விடுதிகளிலும்தான் அந்த மிஷின்கள் உண்மையாக வேலை செய்தன. பழுதானால் சுஹறாவிடம் வந்தன.

சுஹறா தன் வாழ்க்கையையே வெக்கியூம்களை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தாள். "ஹூவர் ஊட்டில இரிக்கக்குள்ளதான் தம்பி பொறந்த செய்தி வந்தது" என்பாள். "எலெக்ட்ரோலக்ஸ் ஊட்டுக்காரங்க தந்த உடுப்புத்தான் என்ட கலியாண உடுப்பு."

குவைத்தில் அவள் வேலைக்குப் போன முதல் வீட்டில் ஹூவர். நெட்டையாக நிற்கும், முன்னால் விளக்கு எரியும், துணிப்பை மூச்சுப் பிடித்த மாதிரி ஊதும். முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் அதன் உருளை கம்பளத்தைப் பற்றிக்கொண்டு அவளையும் இழுத்தபடி வரவேற்பறையைக் கடந்துபோய்ச் சோபாவில் முட்டி நின்றது. பிறகொரு நாள் உள்ளே வார் அறுந்தது. வீட்டுக்காரி வெளியே போயிருந்தாள். சுஹறாவின் உம்மா தையல்காரி. தையல் மிஷினின் வார் அறுந்தால் சேர்த்துப் போடுவது சிறு வயதிலிருந்தே சுஹறாவின் வேலை. மிஷினைக் குப்புறப் போட்டுக் கரண்டிக் காம்பால் திறந்து பார்த்தாள். உருளையில் ஒரு குடும்பத்தின் தலைமுடி முழுக்கச் சுற்றிக் கிடந்தது. அதை வெட்டியெடுத்து, மிஷினோடு வந்த பெட்டிக்குள் இருந்த புது வாரை மாட்டினாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்த வீட்டு வெக்கியூம் நின்றாலும் அவளைத்தான் கேட்டு வந்தார்கள்.

அடுத்து வேலைக்குப் போன வீட்டில் இருந்தது எலெக்ட்ரோலக்ஸ். நீளமாக, ஓடம் மாதிரி, இரண்டு சறுக்குத் தண்டுகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வீட்டுப் பெரியவர் மாப்பிள்ளையாக இருந்தபோது வாங்கியது. அவருடைய பேரப்பிள்ளைகளின் மிட்டாய்த் தாள்களையும் அதுதான் உறிஞ்சியது. கடைசியாக இருந்த வீட்டில் நெஷனல் டிரம். ஒரு தகர வாளி, அதற்கு மேல் ஒரு மோட்டர், இரண்டு கொளுக்கி, கழுவிக் காயவைக்கக்கூடிய ஒரு துணிப்பை. வேறொன்றும் இல்லை.

எது நல்லது என்று யாராவது கேட்டால் அவள் யோசிக்கமாட்டாள். "எலெக்ட்ரோலக்ஸ் அழகி. ஹூவர் கெட்டிக்காரி. நெஷனல் பொறுமசாலி. என்னோட இரிக்க ஏலுமானது பொறுமசாலிதான்." பழைய மிஷின்கள் ஏன் இவ்வளவு காலம் உழைக்கின்றன என்று கேட்டால், திருகாணியைக் காட்டுவாள். "தொறந்து பாக்கலாமெண்டா கன நாள் இரிக்கும். ஒட்டி மூடினத்த நான் எப்பிடிகா சொகமாக்குற?"

இப்போது மடியில் இருந்ததும் ஒரு நெஷனல்தான். பச்சை டிரம், அங்கங்கே பெயின்ட் கழன்று தகரம் தெரிந்தது. அது வந்த கதை அந்தச் சின்னத் தெருவுக்கு, ஒழுங்கை முழுவதற்கும், தெரியும். சவூதியில் லொறி ஓட்டிய சீனித்தம்பி அதைக் கப்பலில் போட்டு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்தார். பெட்டியைத் திறந்தபோது அவருடைய மனைவி ஆயிஷா உம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "முத்தத்து மணல உறிஞ்சவா இதக் கொணந்தீங்க?" வீடு முழுக்கத் தேடியும் அந்த மிஷினுக்குக் கிடைத்தது ஒரு தொழுகைப் பாய்தான். அந்தக் கிழமையே அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய், புதிதாகக் கம்பளம் விரித்திருந்த ஒழுங்கைப் பள்ளிக்கு வக்பாகக் கொடுத்துவிட்டார்.

அவர் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியின் பின்மதிலுக்கு அங்கால்தான் ஆயிஷா உம்மாவின் குசினி. வியாழக்கிழமை தோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு மதிலுக்கு மேலால் அந்தச் சத்தம் வரும். அவர் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். கொடுத்த பொருள் பயன்படும் வரைக்கும் கொடுத்தவருக்கு நன்மை போய்க்கொண்டே இருக்கும். "இந்தா, அவருக்குப் போகுது" என்று சொல்லிவிட்டு மறுபடி தேங்காய் துருவத் தொடங்குவார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை சத்தம் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. ரமழானின் தலைநோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் வரும் வியாழக்கிழமை பள்ளியைக் கழுவித் துப்புரவாக்குவது வழக்கம். அன்றைக்குள் மிஷின் ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் புதிது எடுப்பதென்று பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார்மார் முடிவெடுத்தார்கள். கேள்விப்பட்ட ஆயிஷா உம்மா தானே நிப்றாஸின் ஆட்டோவைக் கூப்பிட்டு, மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"மகள், இது போனா அவர்ட நன்ம நிண்டு போயிரும். எப்பிடியாவது எழுப்பித் தா."

"எழும்பும் மாமி. பாப்பம்."

இப்போது அதற்குள் அத்தர் மணக்கிறது. சுஹறா பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாருக்குப் போன் எடுத்தாள். கலந்தர் மோதினார் சைக்கிளில் வந்து, மிஷினின் துணிப்பைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"மோதினார் காக்கா, இதுக்குள்ள என்னத்த ஊத்தினீங்க?"

"ஒண்டும் ஊத்தல்லியே."

"மணக்குது."

"பள்ளி மிஷின் மணக்கத்தானே வேணும்."

"காக்கா..."

மோதினார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "கொஞ்சம் அத்தர். பையில. ஜும்ஆக்கு முந்தின நாள் தெளிச்சா, பின்னால வார காத்து பள்ளி முழுக்க வாசமா வருமெண்டு. வெளியூராக்களும் கேட்டிரிக்காங்க, இதென்ன பள்ளிக்குள்ள பூந்தோட்டமா எண்டு."

"எவ்வளவு காலமா?"

"மகன் துபாய்லருந்து போத்தல் அனுப்பத் தொடங்கினத்திலருந்து."

நிப்றாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். சுஹறா துணிப்பையைப் புரட்டிக் காட்டினாள். எண்ணெய் ஊறிய துணியில் தூசி படிந்து, அதற்கு மேல் எண்ணெய், அதற்கு மேல் தூசி. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

"பாருங்க. கிண்டி எறக்கின தொதல் மாதிரி."

"யா அல்லாஹ்!"

"காத்துப் போக வழியில்ல. மோட்டர் மூச்சடச்சுப் போய்த்தான் நிண்டிரிக்கி. அதில பிழ இல்ல."

"மாமிக்குச் செல்லிராதீங்க" என்றார் மோதினார் சிறு குரலில்.

அதற்குள் நிப்றாஸ் வாசலில் நின்று அத்தர் கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

சுஹறா மோட்டரைக் கழற்றினாள். செம்புச் சுருளின் மெருகு கறுக்கவில்லை. அதைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. பையைச் சவர்க்காரத்தில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி, மறுபடி ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை விடவில்லை. மொட்டைமாடியில் கட்டியபோது கடற்காற்று அதை ஊதி உருட்டியது. விசிறியின் இதழ்களுக்கு இடையில் இறுகியிருந்ததை ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டினாள். இரும்பால் சுரண்டினால் இதழ் வளையும்.

மின்சாரத்தைச் சுழலும் பகுதிக்குக் கொடுக்கும் காபன் துண்டுகள்தான் தேய்ந்து முடிந்திருந்தன. அந்த அளவு கல்முனைக் கடைகளில் இல்லை. ஒரு கிரைண்டரின் பெரிய காபனை எடுத்து மண்தாளில் தேய்க்கத் தொடங்கினாள். தேய்ப்பாள், கூட்டில் போட்டுப் பார்ப்பாள், வெளியே எடுத்து மறுபடி தேய்ப்பாள். இறுக்கமாக இருந்தால் சிக்கும். தளர்ந்தால் பொறி பறக்கும். தன் பாரத்திலேயே கூட்டுக்குள் வழுக்கி இறங்க வேண்டும். இரண்டாவது காபனில் ஒரு இழுவை கூடிப்போனது. அதை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கினாள்.

"அந்தளவு சரியா இரிந்தாக் காணாதா?" என்றான் நிப்றாஸ்.

"உங்கட ஆட்டோவுக்குக் காணும்."

புதன்கிழமை மிஷின் எழும்பியது. சுஹறா எந்த வெக்கியூமையும் கடற்கரை மணலால் சோதிக்காமல் கொடுப்பதில்லை. ஒரு பிடி மணலைக் கம்பளத் துண்டில் கொட்டிக் காலால் தேய்த்துவிட்டாள். குழாய் அதன் மேல் ஒருமுறை போனது. கம்பளம் சுத்தம்.

"முடிஞ்சி. கொண்டு போவம்" என்று நிப்றாஸ் ஆட்டோச் சாவியை எடுத்தான்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மோட்டர் சீராகத்தான் ஓடியது. ஆனால் இந்த மிஷின் நல்லாயிருந்த காலத்துச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. கேட்டவர் ஒருவர் இருந்தார்.

ஆயிஷா உம்மா வந்து கதிரையில் உட்கார்ந்தார். மிஷினைப் போட்டதும் முகத்தைச் சுளித்தார். "எனக்கு விளங்குதில்ல புள்ள. இப்பிடிக் கிட்ட இரிந்து நான் கேட்டதே இல்ல." எழுந்து சுஹறாவின் குசினிக்குள் போய்ச் சுவருக்கு மறுபக்கம் நின்றார். "இப்ப போடு."

மிஷின் ஓடியது.

"இல்ல!" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. "இது எங்கட சத்தமில்ல. இது சீறுது. அது சீறாது, முனகும்."

"எப்பிடி முனகும் மாமி?"

"அவர் மத்தியானத்தில குறட்ட விடுற மாதிரி."

சுஹறா கையை நனைத்து மூடியின் விளிம்போரம் சுற்றிக் கொண்டுபோனாள். ஒரு இடத்தில் ஈரவிரலில் மெல்லிய குளிர் பட்டது. மூடிக்கும் டிரம்முக்கும் இடையில் கிடக்கும் ரப்பர் வளையம் அங்கே தட்டையாகிக் காற்று கசிந்துகொண்டிருந்தது. அவளுடைய காது தவறவிட்டதைக் குசினியிலிருந்த காது பிடித்துவிட்டது. சுஹறாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாமி, நாளயிலருந்து வேலைக்கு வாங்க!" என்று கத்தினாள். பழைய சைக்கிள் ரியூப்பை அளந்து வெட்டி, முனைகளைச் சாய்வாகச் சீவி ஒட்டி, விளிம்பில் பதித்துக் கொளுக்கிகளைப் போட்டாள்.

மறுபடி சுவிட்ச். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மாமியிடம் கேட்பதற்காக மிஷினை நிறுத்தினாள்.

"ஏன் நிப்பாட்டின?" என்று ஆயிஷா உம்மா உள்ளேயிருந்து அதட்டினார். "போடு, போடு! அவர்தான்!"

வியாழன் காலை மோதினார் வந்தபோது ஆயிஷா உம்மா பெருநாளைக்கு உடுக்கும் அபாயாவில் வந்திருந்தார். கழுவிய பை, துடைத்த டிரம், பளபளக்கும் கொளுக்கிகள். காற்று வெளியேறும் வாய்க்கு வெளியே சுஹறா ஒரு சின்னத் துணிப் பொட்டணம் கட்டியிருந்தாள், உள்ளே பஞ்சு.

"அத்தர் இதில. ஒரு சொட்டு. மோட்டரத் தாண்டி வந்த காத்துத்தான் இதில படும். உங்கட பூந்தோட்டத்துக்கும் கொறவில்ல."

மோதினார் அந்தப் பொட்டணத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். மிஷினைத் தூக்கக் கையை நீட்டினார். சுஹறா கொடுக்கவில்லை. கைப்பிடியை ஆயிஷா உம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"அண்டைக்கு மாமா குடுத்தாரு. இண்டைக்கு நீங்க குடுங்க மாமி."

ஆயிஷா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து, இரண்டு கைகளாலும் டிரம்மைத் தூக்கினார். அது அவர் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. நிப்றாஸ் பிடிக்க வந்தபோது முழங்கையால் தள்ளிவிட்டார்.

"பிஸ்மில்லாஹ். இந்தாங்க மோதினார். இனிப் பைக்குள்ள ஊத்தினீங்க எண்டா, மதிலால ஏறி வருவன்."

"வல்லாஹி ஊத்தமாட்டன்" என்று கலந்தர் மோதினார் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.